மக்களாட்சியின் ஐந்தாவது இயல்பு

வந்தவளை வரவில்லை என்று எழுதினேன்.

என் குற்றம் இந்த ஒரு வரிதான். நீலக்கறுப்பு மையில், என் சொந்தக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய ஒரு வரி. எழுதிய நேரம்கூட எனக்குத் தெரியும்... மாலை நான்கு மணி பதினைந்து நிமிடம். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதை அறியாத ஒருவரிடம் இன்றுதான் முதன்முறையாகச் சொல்கிறேன். அந்த ஒருவர் நீங்கள். ஏன் உங்களிடம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கு எழுத வராது.

நான் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. வீடு கோட்டையூரில். காலை எட்டு இருபதுக்கு டவுன் பஸ். இருபத்து மூன்று வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். முப்பத்தொரு டைரிகள் அலமாரியில் ஆண்டு வரிசைப்படி நிற்கின்றன. எழுந்த நேரம், பஸ் வந்த நேரம், வகுப்பில் இருந்த மாணவர் எண்ணிக்கை, நடத்திய பாடம், மழை பெய்திருந்தால் அது தொடங்கிய நேரமும் விட்ட நேரமும்... எல்லாம் இருக்கும். உணர்ச்சி இருக்காது. கருத்து இருக்காது. நடந்தது மட்டும்.

கல்லூரியில் அந்த டைரிக்கு ஒரு மரியாதை உண்டு. யார் எந்தத் தேதியில் விடுப்பு எடுத்தார், துறைக் கூட்டத்தில் யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று தகராறு வந்தால், "சார் டைரியைப் பாருங்கப்பா, முடிஞ்சு போச்சு" என்பார்கள். நான் எடுத்துப் புரட்டுவேன். அறை அமைதியாகும். படித்ததும் தகராறு தீரும். அந்த அமைதியை நான் எவ்வளவு விரும்பினேன்! என் எழுத்துக்கு முன்னால் வேறு பேச்சு நிற்காது என்பது எவ்வளவு பெரிய போதை!

அந்தப் பெயரால்தான், எங்கள் கல்லூரியில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் அமர்வுக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. அமர்வு எப்போது தொடங்கியது, யார் யார் கட்டுரை வாசித்தார்கள், எப்போது முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் சான்றிதழில் 'கட்டுரை வாசித்தார்' என்று அச்சாகும். தாளில் அப்படி இல்லையென்றால் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் வரும். இரண்டுக்கும் நடுவில் சிலருக்கு ஒரு வேலையே இருக்கிறது. கோப்பைத் தூக்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரியில், உயர்கல்வியில் அரசியல் அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்பது பற்றி இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு நடத்தினோம்.

எங்கள் ஊர்க் கருத்தரங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் காலை அரங்கு நிரம்பி வழியும். குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை, சிறப்புரை. மதியம் இலை போட்டுச் சாப்பாடு. வந்தவர்களில் பாதிப் பேர் கருத்துக்காக வந்தவர்கள் அல்லர், கவுனி அரிசி இனிப்புக்காக வந்தவர்கள் என்று நாங்களே சிரித்துக்கொள்வோம். கை கழுவி வெளியே வந்தால் வாசலில் பஸ் நிற்கும். வெளியூர்ப் பேராசிரியர்கள் கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்கவும், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்க்கவும் ஏறிவிடுவார்கள். மதிய அமர்வு? அதுவும் நடக்கும்... தாளில்.

பஸ் ஏறுகிறவர்கள் கட்டுரையின் பிரதியை என் மேசையில் வைத்துவிட்டு, "சார், நம்ம பேரையும் சேத்துக்கிருங்க" என்று தோளைத் தட்டுவார்கள். நான் 'வாசித்தார்' என்று எழுதமாட்டேன். 'வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதுவேன். பாருங்கள், அது பொய் இல்லை! யாரால் கொள்ளப்பட்டது, எப்படிக் கொள்ளப்பட்டது என்று எவரும் கேட்டதில்லை. அலுவலகத்தில் அது 'கட்டுரை வாசித்தார்' ஆகிவிடும். அது அலுவலகத்தின் பாவம், என்னுடையது அல்ல என்று நிம்மதியாக வீடு திரும்புவேன். துல்லியமானவன் பொய் சொல்வதற்குக் கண்டுபிடிக்கும் வழிகள்தான் எத்தனை!

அன்றும் அப்படித்தான் நடந்தது. மதிய அமர்வில் பத்துக் கட்டுரைகள். ஒன்பது பேர் பஸ்ஸில் போய்விட்டார்கள். அமர்வுத் தலைவராக வந்த வெளியூர்ப் பேராசிரியர் பழம்பொருள் கடையொன்றில் ஒரு பித்தளை விளக்கைப் பார்த்து வைத்திருந்தார். மாலை ரயிலையும் பிடிக்க வேண்டும். என் தாளின் அடியில் முன்கூட்டியே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவரும் கிளம்பினார்.

இருநூறு நாற்காலிகள் போட்ட அரங்கில் மூன்று பேர் மிஞ்சினோம். நான். மைக் செட் காசி. அழகுமீனா.

காசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயில் திருவிழாவானாலும் கல்லூரி விழாவானாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான். மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அழகுமீனா 'அண்ணன்' என்பாள்.

அழகுமீனா எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுதோறும் ஜூன் மாதம் புதுப்பித்தால்தான் வேலை. புதுவயலுக்கு அங்குட்டு ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. அன்றைக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அடுத்த மாதம் வேறொரு கல்லூரியில் நிரந்தர இடத்துக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. தேசியக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்த சான்றிதழ் அவள் கோப்பில் ஒன்று குறைந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் அன்று வந்திருந்தாள். இது எனக்குத் தெரியும். அதையும் எழுதிவைக்கிறேன்... எனக்குத் தெரியும்!

"நீயும் கட்டுரையைக் குடுத்துட்டுப் போம்மா. வாசிச்சதா எழுதிக்கிறேன்" என்றேன்.

"இல்ல சார். நான் வாசிக்கிறேன்."

"யாருக்கு? நாற்காலிக்கா?"

"நீங்க இருக்கீகள்ல சார். இந்தா, காசி அண்ணன் இருக்காரு."

காசி மைக்கைத் தட்டிப் பார்த்தார். "வாசிங்க டீச்சர். காலைல இருந்து பொன்னாடைப் பேச்சாக் கேட்டுக் காது அடைச்சுப் போச்சு. நாலு விஷயம் கேப்போம்."

மூன்று நாற்பதுக்குத் தொடங்கினாள்.

குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் வகுப்பில் மக்களாட்சி என்னவாகிறது என்பதுதான் அவள் கட்டுரை. ஆதாரமாக இரண்டு நோட்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று அவளுடையது. மற்றொன்று ஆறு ஆண்டுகள் கழித்து அதே கல்லூரியில், அதே பாடத்தைப் படித்த அவள் தம்பியுடையது. இரண்டையும் மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு பேசினாள். இரண்டிலும் ஒரே வாக்கியங்கள். ஒரே இடத்தில் பத்தி முடிகிறது. ஒரே இடத்தில் அடிக்கோடு.

பிறகு அவள் ஒரு பக்கத்தைப் படித்தாள்.

மக்களாட்சியின் இயல்புகள். ஒன்று, மக்களே அதிகாரத்தின் ஊற்று. இரண்டு, குறிப்பிட்ட காலத்தில் தேர்தல். மூன்று, சட்டத்தின் முன் அனைவரும் சமம். நான்கு, மாற்றுக் கருத்துக்கு இடம். ஐந்து...

"ஐந்து, இங்கே மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லவும்."

புரிகிறதா உங்களுக்கு? அது என் குறிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், எனக்கு நானே எழுதிக்கொண்ட நினைவூட்டல். நான்கு இயல்புகளைச் சொன்ன பிறகு பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளைக் கேள்வி கேட்கவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஓர் இருபத்தைந்து வயதுக்காரன் எழுதியது. எந்த ஆண்டில் அதையும் சேர்த்துச் சொல்லி எழுதவைக்கத் தொடங்கினேன்? தெரியவில்லை... முப்பத்தொரு டைரிகளில் தேடிப் பார்த்துவிட்டேன், அது மட்டும் இல்லை. தலை நிமிராமல் படித்திருக்கிறேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதியிருக்கிறார்கள். நிமிர்ந்து, 'சார், இது என்ன சார்?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அது மட்டுமா! தேர்வில் அதை ஐந்தாவது இயல்பாக எழுதினார்கள். நானும் ஐந்து எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

"நானும் எழுதினேன். எனக்கும் ஐந்துக்கு ஐந்து கிடைத்தது" என்று அவள் படித்தபோது காசி சிரித்துவிட்டார்.

"அட, கேள்வி கேக்கச் சொல்லுன்னு எழுதி வச்சுக்கிட்டு, ஒரு பயலும் கேக்கலையா!"

ஒலிபெருக்கி போட்டவர் சிரித்த ஒரே ஒரு சிரிப்பு. காலியான அரங்கில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்டது!

அவள் சிரிக்கவில்லை. ஆசிரியரின் பெயரைச் சொல்லவில்லை. கட்டுரையின் கடைசி வரிகளை மெதுவாகப் படித்தாள். "இந்த வரியை எழுதியவர் ஒரு காலத்தில் கேள்விகளை விரும்பியவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த விருப்பம் எங்கே தொலைந்தது என்பதை அவரைக் குறை சொல்லாமல் நாம் தேடிப் பார்க்க வேண்டும்."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் என்னைப் புரிந்துகொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான்கு ஐந்துக்கு முடித்தாள். நேராக என் மேசைக்கு வந்து நான்கு தாள்களையும் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்கிறாதீக சார். உங்க முதுகுக்குப் பின்னாடி சொல்லக் கூடாதுல்ல. நீங்க இருக்கையிலேயே சொல்றதுதான் முறைன்னு பட்டுச்சு."

நான் சிரித்தேன். "நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

ஆம். அப்படித்தான் சொன்னேன்! அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, காசியிடம் "வாரேன்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் தேயும்வரை காத்திருந்தேன். பிறகு பேனாவைத் திறந்தேன். ஒன்பது பெயர்களுக்கு நேராக 'வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். பத்தாவது பெயருக்கு நேராக 'கட்டுரையாளர் வரவில்லை' என்று எழுதினேன்.

வராத ஒன்பது பேர் வாசித்தவர்கள் ஆனார்கள். வாசித்த ஒருத்தி வராதவள் ஆனாள்.

எழுத்தில் பிசிறு உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. எழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருக்கிறது.

அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் டைரியைத் திறந்தபோது ஒரு வாய்ப்பு இருந்தது. கல்லூரித் தாளில் என்ன எழுதியிருந்தாலும், டைரியிலாவது நடந்ததை எழுதியிருக்கலாம். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தாளில் ஒன்றும் டைரியில் வேறொன்றும் இருந்தால் என் ஒழுங்கு குலையுமே... அந்த ஒழுங்கைக் காப்பாற்ற, டைரியிலும் அதையே எழுதினேன். அந்த டைரிகளில் நான் எழுதிய முதல் பொய் அது. பொய்யைக்கூடப் பிசகில்லாமல் பிரதி எடுத்தேன்!

அடுத்த வாரம் சான்றிதழ் வாங்கப் போனவளுக்கு 'கலந்துகொண்டார்' என்று கொடுத்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை என்று நினைத்து எழுத்தரிடம் கேட்டிருக்கிறாள். எழுத்தர் என் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். நேராக முதல்வரிடம் போனாள். முதல்வர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "டைரியையும் கொண்டாரச் சொன்னாரு சார்" என்றார் வந்த ஆள்.

முதல்வர் நல்ல மனிதர். பிறகு ஓய்வு பெற்றுவிட்டார். யாரையும் நோகடிக்காமல் பிரச்சினையை முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர். என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"வாங்க சார். உக்காருங்க. இந்தப் பொண்ணு கட்டுரை வாசிச்சேங்குது. நீங்க வரலைன்னு எழுதியிருக்கீங்க. உங்க டைரியைக் கொஞ்சம் பாத்துட்டா வேலை முடிஞ்சுது."

அழகுமீனா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரிந்தது. தாளில் ஏதோ கைப்பிசகு, டைரியில் சரியாக இருக்கும், சார் திருத்திவிடுவார்... என்னை அவ்வளவு நம்பினாள். நானும் நம்பப்பட்டவனின் நிதானத்தோடு பக்கத்தைப் புரட்டி, முதல்வர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் வாய்விட்டுப் படித்தார். "மதிய அமர்வு. ஒன்பது கட்டுரைகள் வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டன. அழகுமீனா வரவில்லை."

அவள் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சார்... நீங்கதான எழுதுனீக?"

நான் மேசைமேல் டைரியை நேராக நகர்த்தி வைத்தேன்.

"நீங்க முன்னாடி உக்காந்திருந்தீக சார். நல்லா இருந்துச்சுன்னு சொன்னீக."

"ஏம்மா, பஸ்ல ஊர் சுத்திப் பாக்கப் போயிருப்ப. அதுல தப்பில்ல, எல்லாரும்தான் போனாங்க. அதுக்காக சார் மேல பழி போடலாமா?" என்றார் முதல்வர்.

"நான் போகல சார். மைக் செட் அண்ணன் அங்கதான் இருந்தாரு. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

முதல்வர் சிரித்தார். "காலேஜ் விஷயத்துக்கு மைக் செட்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடணுமாக்கும்? சார் டைரி இருக்குறப்ப?"

அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். அன்று காலை பத்தரை மணி வகுப்பில் நான் நடத்திய பாடம் என்ன தெரியுமா? டைரியில் இருக்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம். மாணவர்கள் நாற்பத்தொரு பேர். கேள்விகள் இல்லை.

காசியைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிவந்திருக்கும். அவர் அப்போது கல்லூரியில்தான் இருந்தார். ஆண்டு விழாவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே ஏணி தெரிந்தது. அழகுமீனாவும் அந்த ஏணியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முதல்வர் டைரியை மூடி, இரண்டு கைகளாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அழவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அந்த நேர்முகத் தேர்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு சான்றிதழ் குறைந்ததால்தான் கிடைக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இந்த 'இருந்திருக்கலாம்' என்ற சொல்லுக்குள்தான் எட்டு ஆண்டுகள் ஒளிந்திருந்தேன். ஆனால் இன்னொன்று உறுதி. ஜூன் மாதம் எங்கள் கல்லூரியில் அவளுடைய இடம் புதுப்பிக்கப்படவில்லை. மூத்த ஆசிரியர்மீது பொய்ப் புகார் சொன்னவர் என்று பேச்சு இருந்தது. அதற்கு 'வேறு காரணம்' எதுவும் இல்லை. நான்தான் காரணம்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் கடினமானது.

அவள் கட்டுரை வாசித்த மறுவாரமே நான் அந்த ஐந்தாவது வரியைச் சொல்லி எழுதவைப்பதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாமல், இயல்புகள் நான்கு என்று முடித்துக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் எங்கே நான் சொல்வதை எழுதுகிறார்கள்! பழைய நோட்டுகளின் ஜெராக்ஸ்தான் கைக்குக் கை போகிறது. அதனால் ஒவ்வொரு தேர்விலும் விடைத்தாள்களில் அந்த வரி வந்துகொண்டே இருந்தது. 'ஐந்து, இங்கே மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லவும்.' இருபது வயதுக் கையெழுத்துகளில், விதவிதமான மையில்... ஒவ்வொன்றும் அவள் குரலில் கேட்கும். சிவப்பு மையால் அடிப்பேன். அடிக்கும்போதெல்லாம் காசியின் சிரிப்பும் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரி திடீரென்று நின்றுவிட்டது. ஒரு தாளில்கூட இல்லை. ஏனென்று எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், புரிந்துகொள்ள முயலவில்லை. தண்டனைக் காலம் முடிந்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்!

இந்த ஆண்டு மீண்டும் கருத்தரங்கு. ஏறக்குறைய அதே பொருள். இம்முறை ஒருங்கிணைப்பாளரே நான்தான். அரங்கைப் பார்க்க வந்த காசி ஏணியில் நின்றபடி கேட்டார்.

"இந்தத் தடவையாச்சும் அந்த டீச்சரம்மாவ ஆளு இருக்கையில பேச விடுவீகளா சார்?"

"எந்த டீச்சர்?" என்றேன். எந்த டீச்சர் என்று கேட்டேன்!

"அதான் சார், அன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வாசிச்சாகளே. கேள்வி கேக்கச் சொல்லுன்னு... செக்காலைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காக இப்ப. அக்காவும் தம்பியுமா. போனீகன்னா டீ வாங்கிக் குடுக்காம விடமாட்டாக."

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அழைப்பிதழை எடுத்துக்கொண்டு செக்காலைக்குப் போனேன். அவளை அழைக்க வேண்டும், கட்டுரை வாசிக்கச் சொல்ல வேண்டும், முதல் நாள் காலை அமர்விலேயே... பஸ்ஸில் வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

கடை சிறியது. இரண்டு இயந்திரங்கள். அவளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு, எல்லாரையும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"வாங்க சார். எத்தனை காப்பி?"

கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். வரிசைப்படுத்திய வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"நூறு" என்றேன்.

நூறு பிரதிகள் எனக்கு எதற்கு? அச்சடித்த அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாகக் கல்லூரியில் கிடந்தன.

அவள் தாளை வாங்கித் தலைப்பைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இயந்திரத்தில் வைத்தாள். அது ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். முதலாண்டுப் பெண். என்னை அடையாளம் தெரியவில்லை, அல்லது கவனிக்கவில்லை.

"அக்கா, பொலிட்டிகல் சயின்ஸ் நோட்ஸ் ஒரு செட்டு."

அழகுமீனா அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்து, இன்னோர் இயந்திரத்தில் பக்கம் பக்கமாக வைத்தாள். எனக்குத் தெரிந்த கையெழுத்து. அவளுடைய பழைய நோட்டு. ஒரு பக்கத்தில், நடுவில், விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஓரங்கள் பழுத்திருந்தன. பல ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டியது.

வெளிவந்த பிரதியை அந்தப் பெண் புரட்டினாள். "அஞ்சுன்னு போட்டுட்டு காலியா இருக்கேக்கா?"

"அது உனக்குத்தான். அந்த இடத்துல உனக்கு என்ன கேக்கணும்னு தோணுதோ அதை எழுதிக்க."

"பரீட்சைக்கு வருமாக்கா?"

"வராது. போய்க் கேளு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த வரி ஏன் நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கெடுத்ததை, கல்லூரிக்கு வெளியே, ஒரு துண்டுத் தாளால் அவள் மூடி வைத்திருந்தாள். என் பெயரைக் காப்பாற்றவா? அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவா? இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும். முதலாவதற்கு நான் என்ன செய்தேன் அவளுக்கு!

"அழகுமீனா" என்றேன். "அன்னைக்கு நீ வாசிச்சம்மா. மூணு நாப்பதுல இருந்து நாலு அஞ்சு வரைக்கும் வாசிச்ச. நான் பொய் எழுதிட்டேன்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள்.

"தெரியும் சார்."

"மன்னிச்சிரும்மா..."

"இதை யார்கிட்டச் சொன்னீக?"

"யார்கிட்டயும் இல்லம்மா. முதல்ல உன்கிட்டத்தான்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாத பார்வை. இரண்டாவது வரிசையிலிருந்து பார்த்த அதே பார்வை.

"எனக்குத்தான் தெரியுமே சார். தெரிஞ்சவளுக்கு எதுக்குச் சொல்றீக? தெரியாதவுகளுக்குச் சொல்லுங்க."

நூறு பிரதிகளையும் ரப்பர் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். கருத்தரங்குக்கு அவளை அழைக்கவில்லை. அழைக்க எனக்கு வாய் இல்லை.

போன வாரம் கருத்தரங்கு நடந்தது. காலையில் அரங்கு நிறைந்திருந்தது. வரவேற்புரை என்னுடையது. ஐந்து நிமிடம். மைக் என் முன்னால் இருந்தது, தெரியாதவர்கள் இருநூறு பேர் எதிரில் இருந்தார்கள். வரவேற்றேன். எல்லாரையும் வரிசை தவறாமல் வரவேற்றேன்... அவ்வளவுதான்.

மதியம் வழக்கம்போல் பஸ் கிளம்பியது. அமர்வுக் குறிப்பை இப்போது வேறொருவர் எழுதுகிறார். அவரும் என்னிடம் கற்ற சொல்லையே எழுதினார். அரங்கின் கடைசி வரிசையில் எங்கள் மாணவர்கள் எட்டுப் பேர் மட்டும் இருந்தார்கள். செக்காலைக் கடையில் பார்த்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி. மடியில் அந்த நோட்ஸ். அவர்களுக்கும் தெரியாது. அவர்களும் தெரியாதவர்கள்தான். மேடையில் நான் தனியாக நின்றிருந்தேன். வாய் திறந்தால் போதும்.

மூலையிலிருந்து காசி குரல் கொடுத்தார். "இன்னும் ஏதும் பேசுறீகளா சார், இல்ல மைக்க அமத்திரவா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் தலை நிமிர்ந்தாள்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் தெரியாதவர். உங்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உங்களுக்குத் தெரியாது. அவள் சொன்னது இதைத்தானா? இல்லை என்று எனக்குத் தெரியும். இதுவும் காலியான அரங்கில் வாசிப்பதுதான். ஆனால் அவள் காலியான அரங்கில் வாசித்தது துணிவு. நான் செய்வது...

போன வாரக் கருத்தரங்கு நாளின் டைரிப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை.

மாலை 3.50. பேசவில்லை. மைக்கை அமத்தச் சொன்னேன்.